பன்னிரண்டாவது அட்டை

அத்தியாயம் 14

காலை ஒன்பதரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் மிர்யா சமையலறைச் சுவரிலிருந்து புகைப்பட அட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி ஓலவி குளியலறையில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, கடைசி மணல் விழும்வரை துலக்குவான். இரண்டு நிமிடம். அதற்குள் பன்னிரண்டு அட்டைகளும் அவள் கைப்பைக்குள் போயாக வேண்டும்.

போய்விட்டன. நாற்பத்தொன்பது வயதில் முதல் திருட்டு, அதுவும் சொந்தத் தம்பி வீட்டில். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடியபோது காது மடல் சுட்டது.

போன வாரம் மாகாண அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓலவிக்கு வயது நாற்பத்துமூன்று. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அம்மா ஹெல்வி போன பிறகு, "அவனைத் தனியா விட்டா நான் மனுஷனே இல்லை" என்று ஒற்றைக்காலில் நின்ற அப்பாவை மீறி, மிர்யாதான் இந்த இரண்டாம் மாடிக் குடியிருப்பைப் பிடித்துக் கொடுத்தாள். வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் மார்செல் என்ற உதவியாளர் வந்து கூட இருப்பார். மற்ற நேரமெல்லாம் இது ஓலவியின் ராஜ்ஜியம்.

அந்த இருபத்தெட்டு மணி நேரத்தைத்தான் மாகாண அலுவலகம் இப்போது மறுபடி அளக்கப் போகிறது. அளக்கும் அம்மாள் வீடு தேடி வந்து பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்பார். பதிலைப் பொறுத்து நேரம் கூடலாம், குறையலாம். பன்னிரண்டு மணி நேரமாக வெட்டிவிட்டால் ஓலவி இங்கே இருக்க முடியாது, அப்பா வீட்டுப் பின்னறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இப்படிக் குறைபாடு உள்ளவர்களின் பெற்றோர் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பாடம்: மோசமான நாளைச் சொல்லு. நல்ல நாளைச் சொல்லிவிட்டால் போச்சு. லோர்னா என்கிறவள், தன் மகள் பியானோவில் ரெண்டு பாட்டு வாசிப்பாள் என்று பெருமை பொங்கச் சொல்லிவிட்டுப் பத்து மணி நேரத்தைப் பறிகொடுத்த கதையை மிர்யா மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

அதனால்தான் நேற்று காரில் அந்தப் பேச்சு.

"நாளைக்கு அந்தம்மா எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு, என்ன?"

"காபியுமா?"

"காபியும்தான்."

"எனக்குத் தெரியுமே."

"தெரியும்டா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் தெரியாது."

ஓலவி வெகுநேரம் கண்ணாடி துடைப்பான் பனியை வழித்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி" என்றான். ஒரு தடவை சரி என்று சொன்னால் சரிதான். அவனிடம் வார்த்தை மாறாது. மாறுகிற ஆட்கள் வேறு.

புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் மிர்யாதான். புதன் மார்செலின் விடுமுறை நாள். மார்செலுக்குப் பொய் வராது, வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஓலவியை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் உட்கார வேண்டும் என்பது விதி. இன்னொருவருக்கு அவள் அப்பாவைக் கூப்பிட்டிருந்தாள்.

ஆர்வோ ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார். காகித ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். போன் மணி அடித்தால் எடுக்க மாட்டார், அடித்து ஓய்ந்ததும் அதை முறைப்பார். ஓலவி குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பண்டிகைக்குப் பலகாரப் பொட்டலம் கொண்டு வந்தால்கூடக் கீழே வண்டியில் இருந்தபடியே ஹாரன் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். மாடி ஏறியது இன்றைக்குத்தான்.

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "லிஃப்ட் இல்லையா?"

"ரெண்டாம் மாடிதானேப்பா."

"எனக்குக் கேக்கலை. அவனுக்கு."

"அவன் தினம் ஆறு தடவை ஏறி இறங்கறான்."

"அப்ப அதை அந்தம்மாகிட்ட சொல்லு. நல்லா இருக்கான்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது."

"அதைச் சொல்லவே கூடாது. மோசமான நாளைத்தான் சொல்லணும். நான் பேசிக்கறேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

"நம்ம வீட்டு விஷயத்தை ஊராள்கிட்ட கொட்டற வழக்கம் நமக்குக் கிடையாது."

"அந்த வழக்கத்தாலதான் அம்மா நாப்பது வருஷம் ஒத்தை ஆளா அவனைப் பாத்துக்கிட்டு ஓஞ்சு போனா."

ஆர்வோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். நாற்பது வருடமாக யார் விசாரித்தாலும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: பையன் நல்லா இருக்கான். சொல்லிவிட்டுப் பேச்சை மீன் பிடிப்பதற்குத் திருப்பிவிடுவார்.

ஓலவி குளியலறையிலிருந்து வந்தான். நீலச் சட்டை, கழுத்துவரை பொத்தான், தண்ணீர் தொட்டு வாரிய தலை. விருந்தாளி வருகிறார் அல்லவா? அவனே நேற்று ராத்திரி சட்டையைத் தேய்த்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தான். மிர்யா மேசைமேல் வைத்திருந்த பேக்கரிப் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே ஆறு பெர்ஷியன் பன், இளஞ்சிவப்பு இனிப்புப் பூச்சு வழிய வழிய. அவனுக்கு உயிர். மிர்யா கொண்டுவந்த லஞ்சம் அது.

"எல்லாருக்கும்" என்று சொல்லிப் பெட்டியை மூடினான்.

பிறகுதான் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

சுவரில் பிசின் தடங்கள் மட்டும் இருந்தன. அவன் சுவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த கைப்பையைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோபாவுக்கு வந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். கேட்டிருந்தால் மிர்யா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். கேட்காததுதான் தாங்கவில்லை.

பத்து மணிக்கு வெண்டி கார்ட்மெல் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தடித்த கம்பளிக் காலுறை, கையில் தடித்த படிவம். வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே, "படிக்கட்டுல ஒரே பனிச் சேறு" என்றார்.

இந்த ஊரில் ஃபின்லாந்து வழிக் குடும்பங்களில், வந்தவர் கோட்டைக் கழற்றி முடிப்பதற்குள் காபி இறங்கத் தொடங்கியிருக்கும். பகையாளியானாலும் காபி உண்டு. அன்று அந்த வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆர்வோ மகளை ஒரு பார்வை பார்த்தார், இது என்ன வீடு என்கிற பார்வை. மிர்யா படிவத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"சமையல்ல இருந்து ஆரம்பிக்கலாமா? அடுப்பு, ஓவன் எல்லாம் எப்படி?"

"அதான் பயமே. துணியை அடுப்பு மேல வெச்சுட்டான், தீப்பிடிச்சிடுச்சு."

குடிவந்த முதல் வாரம் நடந்தது அது. முதல் வாரம் என்பதை அவள் சொல்லவில்லை.

"வெளியில தனியா போவாரா?"

"ஜனவரியில ஏரிப் பனி மேல தனியா நடந்து போயிட்டான். மீன் பிடிக்கறவங்க பாத்துக் கூட்டிட்டு வந்தாங்க. இல்லேன்னா உயிர் போயிருக்கும்."

எந்த ஜனவரி? ஆறு வருடத்துக்கு முந்தியது. அதையும் சொல்லவில்லை.

வெண்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுத எழுத மிர்யாவுக்கு ஒரு வேகம் பிறந்தது. கேட்ட கேள்வியெல்லாம் படித்துவிட்டு வந்ததாகவே அமைந்துவிட்ட பரீட்சை மாதிரி, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனசு தாவியது. மருந்தை மாற்றிப் போட்டது. கடையில் தரையில் உட்கார்ந்து அழுதது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி அவர்கள் போலீஸைக் கூப்பிட்டது. தம்பியின் வாழ்க்கையில் இருந்த எல்லா மோசமான நாட்களையும் ஒரே வாரத்தில் நடந்த மாதிரி அடுக்கினாள். அந்த அடுக்கில் ஒரு திறமையும் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூசும்.

"உடம்பு சுத்தம், கழிப்பறை விஷயத்துல ஏதாவது?"

"அம்மா அடக்கத்தன்னிக்கு..." என்று தொடங்கினாள்.

ஓலவி நிமிர்ந்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வேகம் நிறுத்தவிடவில்லை.

"சர்ச்சுல, எல்லார் முன்னாடியும், பேன்ட்டை நனைச்சுட்டான். நாப்பது வயசுக்கு மேல."

எல்லார் முன்னாடியும் இல்லை. யாருக்கும் தெரியாது. கோட் மாட்டும் அறையில் தன் நீளக் கோட்டை அவனுக்குச் சுற்றிவிட்டு, அழுத கண்ணோடு அவன் முகத்தைத் துடைத்து, "இது உனக்கும் எனக்கும் மட்டும்" என்று சத்தியம் செய்து கொடுத்தவள் மிர்யாதான்.

ஓலவியின் கழுத்து மெல்லச் சிவந்து காதுவரை ஏறியது. தலையைக் குனிந்துகொண்டான். ஆர்வோ எழுந்தார், யாரையும் பார்க்காமல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனார். மார்ச் குளிரில், கோட் இல்லாமல், ஏரிக்கு அப்பால் படுத்துக் கிடக்கும் மலையைப் பார்த்தபடி நின்றார்.

வெண்டி பேனாவைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நாற்காலியை ஓலவி பக்கம் திருப்பினார்.

"உங்ககிட்டயும் கேக்கணும் ஓலவி. இது உங்களைப் பத்தின பேச்சு. வீட்டுக்கு யாராவது வந்தா என்ன செய்வீங்க?"

"முடியாது."

"கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வருவீங்களா?"

"முடியாது."

"உங்க பேரை எழுதுவீங்களா?"

"முடியாது."

மிர்யா திடுக்கிட்டாள். பேர் எழுதுவானே. பிறந்தநாள் அட்டையில் ஓ-வுக்குள் கண்ணும் மூக்கும் வரைந்து எழுதுவானே.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்னாவது சொல்லுங்களேன்."

"முடியாது."

"நண்பர்கள் யாராவது?"

ஓலவி அக்காவைப் பார்த்தான். கோபமே இல்லாத பார்வை. சொன்னதைச் சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற பார்வை.

"முடியாது" என்றான்.

வெண்டி தாழ்ந்த குரலில் மிர்யாவிடம் கேட்டார். "எப்பவுமே இப்படித்தானா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் என்னாவது?

"ஆமா" என்றாள் மிர்யா.

வெண்டி கடைசிப் பக்கத்தைத் திருப்பி எதையோ கூட்டிப் பார்த்தார்.

"நான் ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன். இவ்வளவு உதவி தேவைப்படறவரை ராத்திரி தனியா விடறது ஆபத்து. இருபத்தெட்டு மணி நேரம் பத்தவே பத்தாது. எந்நேரமும் ஆள் இருக்கற இல்லத்துக்குத்தான் நான் எழுதணும்."

"அப்ப இந்த வீடு?"

"இந்த வீடு வேண்டாம்னுதான் சொல்றேன்."

"எந்த இல்லம்?"

"எங்க இடம் இருக்கோ அங்க. கெனோராவுல ஒண்ணு காலியாகும்னு பேச்சு."

காரில் ஆறு மணி நேரம். நேரத்தை வெட்டிவிடுவார்களே என்று பயந்து பயந்து, மிர்யா வீட்டுக்கே உலை வைத்திருந்தாள்.

பால்கனிக் கதவு திறந்தே இருந்திருக்கிறது. ஆர்வோ உள்ளே வந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"என் பையன் நல்லா இருக்கான்" என்றார்.

"சொல்லுங்க" என்று வெண்டி பேனாவை எடுத்தார். "எப்படி நல்லா இருக்கார்? காலைல எழுந்து என்ன செய்யறார்? எதையெல்லாம் தானே பாத்துக்கறார்?"

ஆர்வோ வாயைத் திறந்தார். கீழே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்தவருக்கு மாடியில் நடப்பது என்ன தெரியும்? மகன் எந்தக் கோப்பையில் குடிக்கிறான் என்றுகூடத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கையிலிருந்த தொப்பி தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. பெற்ற மகனைப் பற்றி ஒரு வாக்கியத்துக்குமேல் சொல்லத் தெரியாத அந்த முகத்தை மிர்யாவால் பார்க்க முடியவில்லை.

வெண்டி எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தானுக்கு வந்தபோது மிர்யா சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க. ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. "ஓலவி, காபி போடுடா."

"முடியாது."

"முடியும்டா. நேத்து கார்ல நான் சொன்னது தப்பு."

"முடியாது" என்றான் ஓலவி மறுபடியும். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. ஒரு கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்துச் சமையலறைச் சுவரைக் காட்டினான். "அட்டை இல்லை."

எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். வரிசையாக நாலு நாலு பிசின் தடம்.

முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால், பெற்ற அப்பா முன்னால், மிர்யா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை. பன்னிரண்டு அட்டைகளையும் மேசைமேல் வைத்தாள். ஒன்றின் மூலை மடங்கியிருந்தது. அதை விரலால் நீவிவிட்டாள், அது நிமிரவில்லை.

"காலைல நான்தான் எடுத்தேன்" என்றாள். "முடியாதுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். ஏரிக்குப் போனது ஆறு வருஷத்துக்கு முன்னாடி. துணி எரிஞ்சது வந்த புதுசுல. சர்ச்சுல நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும்."

நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. வெண்டி போட்ட பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

ஓலவி அட்டைகளை எடுத்துக்கொண்டு போனான். டிராயரிலிருந்து டேப் எடுத்துக் கிழித்துக் கிழித்து ஒட்டினான். வரிசை அவனுக்கு மனப்பாடம், ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் ஒட்டுவான். எல்லாம் மார்செல் எடுத்த படங்கள். ஓலவி கை கழுவுகிறான். ஓலவி ஜாடியில் சிவப்பு நகப்பூச்சால் போட்ட கோடுவரை தண்ணீர் பிடிக்கிறான். ஓலவி காகித வடிகட்டியை விரிக்கிறான்.

பிறகு அவன் அதையெல்லாம் செய்தான். பொடியை நாலு கரண்டி வாய்விட்டு எண்ணிப் போட்டான். மூன்றாவது கரண்டி கொஞ்சம் சிந்தியது. நின்றான், சுவரைப் பார்த்தான், ஈரத்துணியை எடுத்துத் துடைத்தான், விட்ட இடத்திலிருந்து எண்ணினான். மிஷின் கொரகொரவென்று சத்தம் போட்டது.

முதல் கோப்பை விருந்தாளிக்கு. "பால் வேணுமா?" என்று கேட்டு, பதினோராவது அட்டையில் இருப்பது போலவே கொஞ்சம் குனிந்து நின்றான். இரண்டாவது ஆர்வோவுக்கு.

"அப்பாவுக்குக் கறுப்பு" என்றான். கேட்கவே இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

ஆர்வோ இரண்டு கையாலும் கோப்பையை வாங்கிக் குடித்தார். "ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது ஒரு மணி நேரப் பாராட்டுரைக்குச் சமம். சொல்லிவிட்டு மகன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டி பெட்டியிலிருந்து ஒரு பெர்ஷியனை எடுத்துக்கொண்டார். "இப்ப சொல்லுங்க மிர்யா. உள்ளதை."

"அட்டை இருந்தா எதுவும் முடியும். அட்டை இல்லேன்னா நின்னுடுவான், நீங்களே பாத்தீங்க. ஒரு புது வேலைக்கு அட்டை போட்டுப் பழக்க மார்செலுக்கு ரெண்டு மாசம் ஆகுது. அந்த இருபத்தெட்டு மணி நேரம் அதுக்குத்தான் போகுது. நேரத்தை வெட்டினா இவன் எங்க நிக்கறானோ அங்கயே நின்னுடுவான்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"பயந்துட்டேன்."

"எல்லாரும்தான் பயப்படறாங்க." வெண்டி விரலிலிருந்த இனிப்பைத் துடைத்தார். "கேட்டதையும் எழுதிட்டேன், பாத்ததையும் எழுதுவேன். ரெண்டும் ஒத்துப் போகாது. மேல இருக்கறவங்க எதை நம்புவாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆறு வாரத்துல கடிதம் வரும். கெனோராவும் வரலாம், பன்னெண்டு மணி நேரமும் வரலாம், இருக்கறபடியே இருக்கவும் விடலாம்."

வாசலில் ஓலவிதான் கோட்டை எடுத்துக் கொடுத்தான். "படி வழுக்கும், பாத்து" என்றான். வெண்டி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மிர்யாவின் கையைக் குலுக்க மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை.

கதவு சாத்திய பிறகு மிர்யா கோப்பைகளை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். சுவரில் அட்டைகள் மூன்று வரிசையாக இருந்தன. நாலு, நாலு, மூன்று.

பன்னிரண்டாவது ஓலவியின் கையில் இருந்தது. அதில் இருப்பது அவன் இல்லை. மிர்யா, காதில் போனோடு, வாய்கொள்ளாச் சிரிப்போடு. சிக்கல் வந்தால் இவளைக் கூப்பிடு என்று அர்த்தம். அந்தப் படத்துக்கு நின்றபோது மார்செல் சொன்ன ஏதோ ஜோக்குக்குச் சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது.

"டேப் தீந்து போச்சா? என்கிட்ட இருக்கு, தர்றேன்."

"வேண்டாம்."

அவன் மேசைக்குப் போய், திறந்தே கிடந்த அவள் கைப்பைக்குள் அந்த அட்டையை வைத்தான். ஜிப்பைக் கவனமாகக் கடைசிவரை இழுத்து மூடினான்.

"உனக்கும் எனக்கும் மட்டும்னு சொன்னே" என்றான்.

"சொன்னேன்டா."

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டே. அப்பாவுக்கும் கேட்டுச்சு."

மிர்யாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எந்த வாயால் கேட்பது? சோபாவில் ஆர்வோ காலியான கோப்பையை இரண்டு கைக்குள்ளும் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் போன் மணி அடிக்க ஆரம்பித்தது. அவர் அதை எடுக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சிக்கல் வந்தா யாரைக் கூப்பிடுவே, ஓலவி?" என்று கேட்டாள் மிர்யா.

ஓலவி நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அப்பா பக்கம் திரும்பினான், அந்தப் போன் அடித்து ஓயும்வரை கேட்டான். பிறகு சுவரில் இருந்த காலி இடத்தைப் பார்த்தான்.

"இன்னும் தெரியலை" என்றான். "நீ இல்லை."